ஓபிஜி எடுத்த பிறகும் சிபிசிடி ஸ்கேன் எதற்கு?

13 வயது மகளுக்கு மேல் கோரைப்பல் இறங்கவில்லை, ஓபிஜி (முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தும் டாக்டர் சிபிசிடி (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும்) ஸ்கேன் கேட்கிறார், அது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓபிஜி தட்டையான படம். பல் எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று காட்டும். அண்ணத்துப் பக்கமா, உதட்டுப் பக்கமா என்பதை உறுதியாகச் சொல்லாது. ஈறைத் திறந்து, பல்லில் செயின் ஒட்டி இழுக்க வேண்டுமென்றால் அது தெரிந்தே ஆக வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பக்கத்து வெட்டுப்பல்தான். சிக்கிய பல் அதன் வேரை அரிக்கலாம். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓபிஜியில் தப்பிவிடும் அரிப்பு முப்பரிமாண ஸ்கேனில் தெரியும்.

கதிர்வீச்சு ஓபிஜியைவிடப் பொதுவாக அதிகம்தான். அதனால் முழுத் தாடையும் இல்லாமல் அந்தப் பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், இரண்டு சிறிய எக்ஸ்ரேக்களை வெவ்வேறு கோணத்தில் எடுத்தும் பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம்: எக்ஸ்ரே குழாய் நகர்ந்த திசையிலேயே படத்தில் பல்லும் நகர்ந்தால் அது அண்ணத்துப் பக்கம். எளிய கேஸுக்கு அது போதும். வேர் அரிப்புச் சந்தேகம் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.