சொன்னால்தான் படிக்கிறான், கண்டித்தால் எதிர்த்துப் பேசுகிறான்: என்ன செய்வது?

மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பல வீடுகளில் சண்டை மூள்வதே புத்தகத்தைத் திறக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் நாம் பேசும் விதம் மாறினால் படிப்பு, மரியாதை இரண்டுமே மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில், “படிச்சியா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். “படிச்சேன்” என்று ஒரு சொல்லில் தப்பிக்கத்தான் அது வழிகாட்டும். புத்தகத்தை மூடச் சொல்லி, “எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோ, சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். திக்கித் திணறினாலும் நல்லதே. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. சின்னப் பிள்ளைகளிடமும் இது பலிப்பதை என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

தப்பு செய்யும்போது பென்சிலைப் பிடுங்காதீர்கள். 52-இல் 17 போனால் 45 என்று எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். “ஒன்றாம் இடம் சரி. பத்தாம் இடத்துல என்ன செஞ்சே?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். “கடன் வாங்கினதைக் குறைக்கலை!” என்று பெரும்பாலும் அவனே கண்டுபிடிப்பான். “கவனமே இல்லை” என்று நாம் கத்தியிருந்தால் விடையை அழிப்பான், அவ்வளவுதான்.

எதிர்த்துப் பேசுவதற்கு வருகிறேன். 1961-இல் உளவியலாளர் பாண்டுரா செய்த பொம்மைச் சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே போல அடித்தார்கள். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைகளையும் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் ஒருவரையொருவர் எடுத்தெறிந்து பேசினால், அவன் பேச்சை மட்டும் திருத்த முடியாது. அவன் குரலை உயர்த்தும்போது, “கோபம்னா சொல்லு, தப்பில்லை. இப்படிக் கத்தாம திரும்பச் சொல்லு, கேக்கறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி முழுதாகக் கேட்கவும் வேண்டும். விருந்தினர் முன்னால் அவன் குறையைப் பேசவே பேசாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒன்றோடு படிப்பைச் சேர்த்துவிடுங்கள்: விளையாடி வந்து கைகால் கழுவியதும் என்பது போல. தொடக்கத்தில் 20 நிமிடம் போதும்.

6 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. கண் சொக்கும் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பதில் பயனில்லை. அன்றைக்கு விட்டுவிடுங்கள், மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.