இலவசமாக வரும் பாதாள சாக்கடை

கிராமத் தண்ணீர், கழிவுநீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊரில் 200 வீடுகள். பாதாள சாக்கடை போட 90 சதவீதம் மானியம் வருகிறது, இந்த வருஷம் விட்டால் கிடைக்காது என்கிறார்கள். உள்ளாட்சி உறுப்பினராக நான் ஆதரித்துக் கையெழுத்துப் போடலாமா?

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். வீடுகள் நெருக்கமாக இருந்து, வீட்டுக்கு 10 மீட்டர் குழாய் போதும் என்றால் மொத்தம் 2 கிலோமீட்டர். தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்து வீட்டுக்கு 80 மீட்டர் ஆகிறதென்றால் 16 கிலோமீட்டர். பணம் கட்டப்போவது இரண்டிலும் அதே 200 வீடுதான். குழாய் போடுவதற்குத்தான் மானியம். அந்த 16 கிலோமீட்டரையும் அடைப்பில்லாமல் வைத்திருப்பது உங்கள் ஊர்ப் பாடு.

நான் தனியாகப் போட்ட முதல் திட்டம் இதில்தான் கவிழ்ந்தது. 20 வருஷம் கழித்து ஊர் எவ்வளவு பெருகும் என்று கணக்குப் பார்த்துக் குழாயைத் தாராளமாக வைத்தேன். பணம்தான் வெளியிலிருந்து வருகிறதே! ஊர் பெருகவில்லை. இருந்த வீடுகளிலும் பாதிதான் இணைப்பு வாங்கின. வீட்டிலிருந்து தெருக்குழாய் வரையிலான செலவு வீட்டுக்காரருடையது என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. சாக்கடைக் குழாயில் நாளுக்கு ஒரு தடவையாவது தண்ணீர் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் கசடு அடியில் தங்காது. என் குழாயில் நூலாக ஓடியது. இரண்டாம் வருஷமே அடைப்பு. அடைப்பு எடுக்கும் இயந்திரத்துக்கு மதிப்பீட்டில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. (ஆளை உள்ளே இறக்கிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். ஆளை இறக்கித்தான் ஓட்ட முடியும் என்றால் அதற்குப் பெயர் திட்டம் இல்லை.)

நெருக்கமான நடுத்தெருவுக்கு மட்டும் சாக்கடை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பிரேசிலின் நட்டால் நகரத்தில் 1980களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு தெருக்குழாயில் சேர்க்காமல், ஒரு வரிசை வீடுகளுக்குக் கொல்லைப்புறமாகவோ நடைபாதை ஓரமாகவோ ஆழமில்லாத சின்னக் குழாய் ஒன்று. வரிசைக்கு ஒரே இணைப்பு. தோண்டும் ஆழம் குறைந்தால் செலவும் குறைகிறது. இன்னொரு வழி, வீட்டுத் தொட்டியில் கசடைத் தங்கவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் அனுப்புவது. ஒதுங்கியிருக்கும் வீடுகளுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறையோ செப்டிக் டேங்கோ போதும், மண்ணும் நிலத்தடி நீர்மட்டமும் இடம் கொடுத்தால். ஒரே ஊரில் மூன்றும் இருக்கலாம். "அவர்களுக்குச் சாக்கடை, எங்களுக்குத் தொட்டியா?" என்று சண்டை வரும், வரட்டும். குழாய் போட்ட அப்புறம் வருகிற சண்டை இதைவிடப் பெரிது.

வருஷச் செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்ற இரண்டும் தாளில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: தண்ணீர்க் கட்டணம் என்று வாயெடுத்தாலே அடுத்த தேர்தலில் நான் அவுட். கட்டணம் இல்லாமல் ஓட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. பணம் வரும் பைகள் மூன்று: தண்ணீர் எடுப்பவர் கொடுக்கும் கட்டணம், எல்லோரும் கொடுக்கும் வரி, மேலிருந்தோ வெளியிலிருந்தோ வரும் மானியம். கடன் நாலாவது பை இல்லை. அதை அடைக்கவும் இந்த மூன்றில் ஒன்றுக்குள்தான் கையை விட வேண்டும். கட்டணம் வேண்டாமென்றால் வரியில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். அதுவும் இல்லாமல் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால், மோட்டார் எரிந்த அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.

மூன்றாவது பையை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1972ஆம் வருஷச் சட்டம் கழிவுநீர் நிலையம் கட்ட 75 சதவீதம் வரை மத்திய மானியம் கொடுத்தது. 1987இல் அந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி, மாநிலங்கள் நடத்தும் சுழல்நிதிக் கடனாக (திரும்பி வரும் பணத்தையே அடுத்த ஊருக்குக் கடனாகக் கொடுப்பது) மாற்றிவிட்டார்கள்.

செலவைக் கணக்குப்போட ஆள் தேட வேண்டாம். 1,000 பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 1 லட்சம் லிட்டர். அதை 60 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனில் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 33 யூனிட், மாதத்துக்கு 1,000. குழாயில் நூற்றுக்கு 30 பங்கு ஒழுகினால் அதே 1,000 பேருக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் போகும். அந்தக் கூடுதல் 400 யூனிட் தரையை நனைப்பதற்கு நீங்கள் கட்டும் கரன்ட் பில். கட்டணத்தை ஏற்றும் முன் ஒழுகலை அடைத்துவிட்டுப் போனால் ஊர்க்கூட்டத்தில் கொஞ்சம் தைரியமாகவே பேசலாம்.

இதோடு ஆபரேட்டர் சம்பளம், குளோரின், தேய்மானம். பம்ப் 10 வருஷம் ஓடும் என்று வைத்தால் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து திருவிழாவுக்குக் கைமாற்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பம்ப் ஆபரேட்டர் வேலை பழகியதும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். மூன்று வருஷத்தில் நான்கு பேர்!

ஒரு சின்ன ஊர் தனியாக ஒரு மெக்கானிக்கை வைத்துச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊர்களோடு சேருங்கள். பிரேசிலின் சியாரா மாநிலத்தில் 1996 முதல் சிசார் என்ற ஏற்பாடு நடக்கிறது. கிராமச் சங்கங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு அது. மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது உள்ளூர்க்காரர் வேலை. பெரிய பழுது, தண்ணீரின் தரம், பில் போடுவதெல்லாம் கூட்டமைப்பின் வேலை. உங்கள் ஆபரேட்டர் நாளைக்கே கிளம்பினாலும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கும்.

கேள்வி: எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. எங்களுக்கு ஏன் கழிவுநீர்த் திட்டம்?

தொட்டி நிறைந்தால் என்ன செய்கிறீர்கள்? லாரி வரும், உறிஞ்சும், போகும். எங்கே போகும்? ராத்திரியில் ஓடைக்கரைக்குத்தான் என்றால் உங்கள் கிணற்றுக்கே திரும்பி வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பதாக வைத்தால் 200 தொட்டிக்கு வருஷம் 67 தடவை, மாதத்துக்கு ஐந்தாறு லாரி. அதைக் கொட்டி உலர்த்தப் படுகையும், வடியும் நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடும் வேண்டும். பக்கத்து நான்கைந்து ஊர்களுக்குப் பொதுவாக ஒன்று போதும். காற்று ஊர்ப்பக்கம் அடிக்காத, வெள்ளம் ஏறாத இடமாகப் பார்த்து இப்போதே வரைபடத்தில் குறித்து வையுங்கள். மனை போட்டு விற்றுவிட்டால் அப்புறம் கிடைக்காது.