பிரசவத்துக்கு முன்பே ஒரு டின் பால் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது. முதல் குழந்தை, இப்போது 30 வாரம். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிறேன். கிளினிக்கில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். மருந்து இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் என் அக்காவுக்கு மூன்றாம் நாளே பால் போதவில்லை என்று டின் பாலுக்கு மாற்றிவிட்டார்கள். பிரசவம் பார்க்க மாமியார் சுங்கைப் பட்டாணியிலிருந்து வருகிறார். "எதற்கும் ஒரு டின் வாங்கி வை" என்று இப்போதே சொல்கிறார். வாங்கலாமா? சர்க்கரை இருப்பவர் பால் கொடுக்கலாமா? இப்போதிருந்தே நான் என்ன தயார் செய்ய வேண்டும்? வேலைக்குத் திரும்பிய பிறகு எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், ரெலாவ், பினாங்கு

பதில்: அன்புத் தங்கைக்கு,

டின் வாங்க வேண்டாம். சர்க்கரை இருந்தாலும் பால் தாராளமாகக் கொடுக்கலாம், கட்டாயம் கொடுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். 30 வாரத்திலேயே கேட்டீர்களே, அது ரொம்ப நல்லது. பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இதே கேள்வியைக் கேட்ட பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

தயார் செய்வது என்றதும் பலர் மார்பைத்தான் ஏதாவது செய்யச் சொல்வார்கள். துண்டால் தேய்க்கச் சொல்வார்கள், காம்பை இழுத்துவிடச் சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் காம்பு வறண்டு புண்ணாவதுதான் மிச்சம். கருவட்டத்தில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிகிறதே, அந்தச் சுரப்பிகளே எண்ணெய்ப் பசையைச் சுரந்து தோலைப் பார்த்துக்கொள்ளும். காம்பு உள்வாங்கி இருந்தால் கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) ஒருமுறை காட்டிவையுங்கள், அது போதும். அப்படி இருக்கும் பலர் நன்றாகவே பால் கொடுக்கிறார்கள்.

நீங்கள் உண்மையில் தயார் செய்ய வேண்டியது பிறந்த பிறகு வரும் முதல் பத்து நாளை. அந்தப் பத்து நாளும் வீட்டில் உங்களைச் சுற்றி இருக்கப்போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் அக்காவுக்கு மூன்றாம் நாளில் நடந்ததும் இந்தத் தயாரிப்பு இல்லாததால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். முதல் நாள் குழந்தை பெரும்பாலும் தூங்கும். சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு கிடைத்தாலே பெரிது, பச்சைக் குழந்தைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. அந்தக் கொஞ்சத்தில்தான் நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிவாக இருக்கின்றன. குழந்தையின் முதல் கரும்பச்சை மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் அதுதான். மலம் சீக்கிரம் வெளியேறினால் மஞ்சள் காமாலையும் குறையும்.

பிரச்சினை இரண்டாம் இரவில்தான் தொடங்கும். குழந்தை விழித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை கேட்கும். குடிக்கும், கண் சொருகும், கீழே போட்டால் வீறிட்டு அழும். உங்கள் மார்போ இன்னும் மெத்தென்று, ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் ஒருவர் சொல்வார்: "பால் இல்லைம்மா, பிள்ளை பசியில் துடிக்குது." அந்த நேரத்தில் அலமாரியில் டின் இருந்தால் அது திறக்கப்படும். குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்கும். வீடே நிம்மதி அடையும். ஆனால் அந்த நாலு மணி நேரமும் உங்கள் மார்புக்கு "பால் வேண்டும்" என்ற செய்தி போகவில்லை. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அந்த இரவையே விட்டுவிட்டால் சுரப்பு தாமதமாகும், மறுநாளும் டின் வேண்டியிருக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும். இப்படித்தான் ஒரே வாரத்தில் "எனக்குப் பால் இல்லை" என்பது உண்மையாகவே ஆகிவிடுகிறது.

அந்த இரவில் குழந்தை அடிக்கடி கேட்பது இயல்பு. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அது பாலை வரவழைக்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மார்பு கனத்துப் பால் இறங்கிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுப்பது சாதாரணம். வீட்டில் இருப்பவர்கள் அனைவருக்கும் இது முன்பே தெரிந்திருந்தால் மூன்று மணிக்கு யாரும் பதற மாட்டார்கள்.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேம்பர்ஸைப் பாருங்கள். முதல் நாள் ஒருமுறை நனைத்தால் போதும், இரண்டாம் நாள் இரண்டு. ஐந்தாம் நாளுக்குமேல் ஆறு அல்லது அதற்கு மேல் நனைக்க வேண்டும், மலமும் கரும்பச்சை போய் மஞ்சளாகியிருக்க வேண்டும். எடை முதலில் கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். அரசாங்க கிளினிக் மிஸ்ஸிகள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது குழந்தையைக் காட்டினால் மட்டும் போதாது, அவர்கள் முன்னால் ஒருமுறை பால் கொடுத்தும் காட்டுங்கள். பால் போதவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குக் குழந்தை கவ்வும் விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

கவ்வுவதைப் பற்றி இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. அதன் மூக்குக்கு நேரே காம்பைக் கொண்டுவந்து, மேலுதட்டில் லேசாகத் தொடுங்கள். வாயைக் கொட்டாவி விடுவது போலப் பெரிதாகத் திறக்கும். அதுவரை பொறுங்கள். திறந்ததும் குழந்தையை உங்களிடம் இழுத்து அணையுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம், கொண்டுபோனால் இடுப்பு பிடித்துவிடும். சரியாகக் கவ்வியிருந்தால் தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே கூடுதலாகத் தெரியும். விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் சில விநாடி சுரீர் என்று இருந்துவிட்டுப் போவது வேறு. தொடர்ந்து வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மறுபடி கவ்வ வையுங்கள்.

இப்போது மாமியார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேரனோ பேத்தியோ பசியில் அழக் கூடாது என்பது அவர் கவலை. அடுத்த கிளினிக் நாளுக்கு முடிந்தால் அவரை வரவழைத்துக் கூடவே அழைத்துப் போங்கள், "அத்தை, நீங்களும் கேட்டுக்குங்க" என்று. மிஸ்ஸி வாயால் கேட்பதற்கு இருக்கும் மதிப்பு மருமகள் சொல்லுக்கு இருக்காது, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவரிடம் விட வேண்டிய பொறுப்பையும் சொல்லிவிடுங்கள்: சமையல், வந்து போகிறவர்களைக் கவனிப்பது, பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது. பாட்டியின் தோளைவிட நல்ல இடம் அதற்கு ஏது!

சில பழக்கங்களை மட்டும் பக்குவமாகப் பேசி நிறுத்தியாக வேண்டும். பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைப்பார்கள். தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடப் படக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலையே தளரவைக்கும் நச்சை உண்டாக்கும். தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். வெயிலிலும் பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது. அடுத்து, பால் சுறா. நம் வீடுகளில் பால் ஊற சுறாப்புட்டு செய்யாத பேறுகாலம் கிடையாது. ஆனால் சுறா கடலில் மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன், அதன் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் குழம்பு வையுங்கள். பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வெந்தயம் அதிகமானால் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், அதனால் நீங்கள் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பச்சை உடம்பு, தண்ணீர் குடிக்காதே" என்றால் மட்டும் கேட்க வேண்டாம். பால் கொடுக்கும்போது தாகம் எடுக்கும், கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

உங்கள் சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மணி நேரங்களில் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். அதனால் உங்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். பிறந்ததும் குழந்தையைத் துடைத்து உங்கள் நெஞ்சின் மேல் தோலோடு தோலாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், சிசேரியன் ஆனாலும் கேளுங்கள். அங்கேயே முதல் பால். பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. 36 வாரத்துக்குப் பிறகு சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சிறு ஊசிக்குழாயில் சேர்த்து உறைய வைத்துக்கொள்வது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களைச் சேர்த்து, விடுவது. தோலைத் தேய்க்கக் கூடாது. சில சொட்டு வந்தாலும் அது மருந்து. ஆனால் டாக்டர் சரி என்ற பிறகுதான். குறைமாதப் பிரசவ அபாயம், ரத்தப்போக்கு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, கருப்பை வாயில் தையல் இருப்பவர்கள் செய்யக் கூடாது.

உங்களுக்கே இதில் லாபம் இருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், பால் கொடுப்பது அதைக் குறைக்கிறது. பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 விழுக்காடு குறைகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, காது சீழ் எல்லாம் குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ என்று சொல்வது இதனால்தான்.

டின் பால் மேல் எனக்கு ஏன் இத்தனை எச்சரிக்கை என்று கேட்கலாம். இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தின் முன் நின்று, குழந்தைகளுக்கு ஏற்காத டின் பாலைத் தாய்மார்களிடம் தள்ளுவது கொலைக்குச் சமம் என்று பேசினார். உங்கள் பினாங்கில்தான் உலகத் தாய்ப்பால் நடவடிக்கைக் கூட்டணி என்ற வாபாவின் தலைமையகம் இருக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகம் முழுதும் கொண்டாடும் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் நடத்தி வருவது அவர்கள்தான். அதே ஊரில் இருக்கும் நீங்கள் விளம்பரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. குழந்தையின் சர்க்கரை இறங்கிவிட்டது, எடை ரொம்பக் குறைந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துவிட்டுக் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். முதலில் உங்கள் பீய்ச்சிய பால், அது போதாவிட்டால் டின் பால். அது தோல்வி இல்லை, யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள். உங்கள் அக்காவையும்தான். குழந்தை எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மஞ்சள் கால் வரை இறங்கினால், பேம்பர்ஸ் காய்ந்தே இருந்தால் மிஸ்ஸி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக வேலை. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே எடுக்கலாம், ஆனால் முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் குறையும். உடம்பு இடம் கொடுத்தால் நாள்களைக் குழந்தைக்காகச் சேமித்துவையுங்கள். பம்ப் வாங்க இப்போது அவசரமில்லை. வேலைக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் இருக்கும்போது காலையில் ஒருமுறை பீய்ச்சிச் சேர்க்கத் தொடங்கினால் போதும். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம்தான், நம் புழுக்கத்தில் அதுவரைகூட வைக்காமல் உடனே குளிர வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை வைக்கலாம். உறைந்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், திரும்ப உறைய வைக்கவும் வேண்டாம். ஷிஃப்டில் பீய்ச்ச எங்கே இடம், எத்தனை மணிக்கு என்பதை விடுப்பில் போகும் முன்பே சூப்பர்வைசரிடமும் ஹெச்ஆரிடமும் பேசி வையுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு பூட்டும் கதவும் பிளக் பாயின்ட்டும் உள்ள அறை போதும் என்று சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கும் 7 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால். அந்த இரண்டாம் இரவில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரசவத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, இல்லாவிட்டால் பிறந்ததும் முடிந்தவரை சீக்கிரம் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. குழந்தை தேதிக்கு முன்பே வந்துவிடலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். இந்த வாரமே கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.