டெயில்பீஸில் கைவைக்கும் முன் பிரிட்ஜைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் கிப்ஸன் ஈஎஸ்-175 பாணியில் செய்த, உள்ளே முழுக்க வெற்றிடமான ஹாலோ பாடி கிட்டார் இருக்கிறது சார். அதில் வால்பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கும் ட்ரபீஸ் டெயில்பீஸை எடுத்துவிட்டு, கைப்பிடியை அசைத்துச் சுருதியை நடுங்கவைக்கும் பிக்ஸ்பி டெயில்பீஸ் போட ஆசை. நானே மாற்றலாமா? புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்குமா?

பதில்: நானே என்று தைரியமாக இறங்குங்கள். திருப்புளி பிடிக்கத் தெரிந்து, அவசரப்படாமல் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

ஆனால் தொடங்க வேண்டிய இடம் டெயில்பீஸ் இல்லை, மேல்பலகையின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ். 1949-இல் வந்த ஈஎஸ்-175-இல் பிரிட்ஜின் மர அடிக்கட்டை மேல்பலகையோடு ஒட்டப்படவும் இல்லை, திருகப்படவும் இல்லை. ஆறு கம்பிகளும் கீழ்நோக்கி அழுத்துவதால்தான் அது அங்கே நிற்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். நான் முதல் முறை இதைச் செய்தபோது ஆறு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினேன், பிரிட்ஜ் வழுக்கி வார்னிஷில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது, அதுகூடப் பரவாயில்லை, பழைய இடம் எதுவென்று தெரியாமல் அன்று சாயங்காலம் முழுக்கச் சுருதி சேராமலே போனது. அதனால் அடிக்கட்டையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள், பழைய வார்னிஷில் நாள்கணக்கில் விடக் கூடாது.

அடுத்தது, சரியான பிக்ஸ்பி. அதில் பல மாடல்கள் உண்டு. பி7 மாடல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் முன்பகுதியை மேல்பலகையில் திருக வேண்டும். உங்கள் கிட்டாரில் அந்த இடத்துக்கு அடியில் மரக்கட்டை எதுவும் கிடையாது, மெல்லிய பலகை மட்டும்தான். அதில் திருகாதீர்கள். உங்கள் கிட்டாருக்கு பி6, உடம்பு ஒல்லியாக இருந்தால் பி3. இவை இரண்டையும் கிட்டாரின் வால்பக்க ஓரத்தில்தான் திருகுவார்கள், உள்ளே அங்கே கட்டை இருக்கிறது.

பழைய ஓட்டைகள் புதியதோடு பொருந்தும் என்று நம்ப வேண்டாம். பொருந்தாவிட்டால் பல்குத்தும் குச்சிகளில் மரப்பசை தடவி ஓட்டையில் இறுக்கிச் செருகி, காய்ந்த பிறகு ஒட்ட வெட்டிவிடலாம். புதிய ஓட்டையைக் குறிக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: மேலும் கீழும் உள்ள இரண்டு ஈ கம்பிகளை மட்டும் மாட்டிக் கொஞ்சம் இழுத்து, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பாருங்கள். இரண்டு கம்பியும் ஃப்ரெட்போர்டின் ஓரங்களிலிருந்து ஒரே அளவு தள்ளி ஓடும்வரை பிக்ஸ்பியை நகர்த்துங்கள். அப்புறம்தான் பென்சில், அதன்பின் திருகைவிட மெல்லிய ட்ரில் பிட்.

பலர் மறக்கிற விஷயம் எர்த் வயர். பழைய டெயில்பீஸைத் தூக்கினால் அதன் அடியில் சின்ன ஓட்டை வழியாக ஒரு மெல்லிய வயரின் முனை எட்டிப் பார்க்கும், குப்பை மாதிரிதான் தெரியும், ஆனால் கம்பிகளைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் குறைவது அதனால்தான். அதைப் புதிய தகட்டுக்கு அடியில் நன்றாக நசுங்கும்படி வைத்துத் திருகுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிக்ஸ்பியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளி வளையத்திலும் வைத்தால் பீப் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சுருதி. 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்தில் அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறிக் காட்டினால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கமும், இறங்கிக் காட்டினால் பிக்கப் பக்கமும் துளித்துளியாக நகர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு.

பிக்ஸ்பி கைப்பிடியை அசைக்கும்போது பிரிட்ஜும் கூடவே லேசாக ஆடும். அதனால் மெதுவான நடுக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதற்குத்தான் அது அருமை. ஜாஸ் மட்டுமே வாசிப்பவர் என்றால் ட்ரபீஸையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: ட்ரபீஸ் இருக்கும் கிட்டாரில் கம்பியை நிறுத்திய பிறகும் ஏதோ கிணுகிணு என்று ஒலிக்கிறது. டெயில்பீஸை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் உள்ள நீளமான கம்பித்துண்டுதான் ஒலிக்கிறது. ஒரு விரல் அகலக் கம்பளித் துணியை ஒரு கம்பிக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக, பாய் முடைவதுபோல் நுழைத்துவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டெயில்பீஸ் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.