பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: பால் தேநீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். கடைத்தொகுதியில் தேநீர் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பச்சை, வெள்ளை, ஊலோங், கெமோமைல், செம்பருத்தி என்று சுவர் முழுக்கப் பெட்டிகள். விற்பனையாளர் ஒரு மூலிகைப் பெட்டியைக் கொடுத்து, “இரவில் ஒரு கோப்பை குடியுங்கள், காலையில் நச்செல்லாம் வெளியேறும், எடையும் குறையும்” என்றார். வாங்கிவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதைக் குடிக்கலாமா? ஒன்றும் தெரியாத நான் எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: குடிக்காதீர்கள். முதலில் பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘சென்னா’ என்று இருக்கிறதா? நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். திருநெல்வேலிப் பக்கம் விளைந்து, உலகச் சந்தையில் அந்த ஊரின் பெயராலேயே அறியப்படும் இலை. நல்ல பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியதை இரவுதோறும் குடிக்கச் சொல்வது அநியாயம். காலையில் எடை குறைந்ததாகத் தெரிவது மலமும் நீரும் போனதால்தான், கொழுப்பு அப்படியே இருக்கும். தொடர்ந்து குடித்தால் உடலில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் வகையும் உண்டு, அதில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அதிமதுரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிப்புக்காகப் பல கலவைகளில் சேர்க்கிறார்கள். அதிகமானால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

இரவு பகலாக நச்சை வெளியேற்றும் வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்துகொண்டிருக்கின்றன. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உடல்நலத்துக்கு உத்தரவாதம் கொடுத்த விற்பனையாளர்மீது எனக்குக் கோபம் வருகிறது. எடை குறைப்பதாக விற்கப்படும் சில பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கும் ரத்த நாளங்களுக்கும் ஆபத்து என்று 2010இல் சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. எடை குறையும் என்று எழுதியிருக்கும் பெட்டி எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள். பலதுறை மருந்தகத்தின் மருந்தாளரிடம் பொருள் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் எந்த மூலிகைக் கலவையையும் குடிக்க வேண்டும்.

இனி, தொடங்குவது பற்றி. பச்சை, வெள்ளை, ஊலோங், கறுப்பு, பூஅர் எல்லாம் ஒரே செடியின் இலைகள்தாம். கெமிலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பறித்த இலையைச் சீக்கிரமே சூடாக்கிவிட்டால் நிறம் மாறாது, அது பச்சைத் தேயிலை. சீனர்கள் பெரும்பாலும் வாணலியில் வாட்டுகிறார்கள், ஜப்பானியர் ஆவியில் வேகவைக்கிறார்கள். கசக்கிக் காற்றுபடவிட்டு முழுதாகக் கறுக்கவிட்டால் கறுப்புத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலோங். வாடவைத்து உலர்த்துவதோடு விட்டால் வெள்ளை. பூஅர் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நொதிக்கவைத்துப் பழமையாக்குவது. இவை எல்லாவற்றிலும் காஃபீன் என்னும் ஊக்கப்பொருள் உண்டு.

நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கேமரன் மலையிலும் தலைமுறை தலைமுறையாக இந்த இலையைக் கிள்ளியவர்கள் நம் மக்கள். அப்படியிருந்தும் பாலும் சர்க்கரையும் இல்லாமல் தேயிலையின் சுவை எப்படியிருக்கும் என்று நம்மில் பலர் அறிந்ததே இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். ஆகவே நீலகிரி அல்லது இலங்கைக் கறுப்புத் தேயிலையில் தொடங்குங்கள். தூள் வேண்டாம், இலையாகவே வாங்குங்கள். காப்பிக்கடைத் தூள் பாலைத் தாங்கும் கடுமைக்காகத் தேர்ந்தெடுத்தது, தனியாகக் குடித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை, கொதிக்கும் நீர், மூன்று நிமிடம், உடனே வடிகட்டிவிடுங்கள். பச்சைத் தேயிலை கசக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் கொதிநீரை ஊற்றியவர்கள். அதற்கு 75 முதல் 80 டிகிரி போதும், நீர் கொதித்தபின் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

உங்கள் மருத்துவர் குறைக்கச் சொன்னது பெரும்பாலும் சர்க்கரையையும் கெட்டிப் பாலையும்தான் என்று நினைக்கிறேன், அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படியானால் காப்பிக்கடையைக்கூட விட வேண்டியதில்லை. ‘தே ஓ கோசோங்’ என்று கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். முதல் வாரம் கஷ்டமாக இருந்தால் ‘சியூ தாய்’ என்று சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி, படிப்படியாகப் போங்கள்.

மூலிகைகள் வேறு செடிகள். கெமோமைல், சாமந்தி, இஞ்சி, எலுமிச்சைப் புல், தென்னாப்பிரிக்க ரூயிபோஸ் ஆகியவற்றில் காஃபீன் இல்லை. (மாத்தே என்னும் தென்னமெரிக்க இலைத் தேநீரில் உண்டு.) செம்பருத்தித் தேநீர் என்று விற்பது வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தி அன்று, புளிச்சக்கீரை இனத்து ரோசெல் செடியின் சிவந்த புல்லிகள். அது ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடியது என்பதால், மாத்திரை சாப்பிடும் நீங்கள் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கெமோமைலிலும் கவனமாக இருக்க வேண்டும்.

இரவில் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் தேக்காச் சந்தையில் இஞ்சி வாங்கித் தட்டிக் கொதிக்கவையுங்கள். சீன மருந்துக் கடையில் உலர்ந்த சாமந்திப் பூ சிறு பொட்டலமாகவே கிடைக்கும். நாலைந்து பூவைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் மூடிவைத்தால் மணம் முழுதாக இறங்கும். டின்னிலும் பொட்டலத்திலும் வரும் சாமந்தித் தேநீரை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் சர்க்கரை உண்டு, எவ்வளவு என்பதைச் சிங்கப்பூரில் பானங்களின்மேல் அச்சிடும் ‘நியூட்ரி-கிரேட்’ தர எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ‘டி’ என்றிருந்தால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கும் மேல்.