கடலுக்குப் போனவர் திரும்பவில்லை: ஏழாண்டு காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் கணவர் சொந்தப் பைபர் படகில் தொழில் செய்தவர். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருந்தது. ஓராண்டுக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் படகு மட்டும் கிடைத்தது. இறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஏழு ஆண்டு கழித்து வரச் சொல்கிறார்கள். படகை எடுத்துக்கொண்ட கொழுந்தனார், 'அண்ணன் வருவான்' என்கிறார். மாமியாரும் அவர் பக்கம்தான். ஊர்க் கமிட்டியும் எனக்காகப் பேசவில்லை.

பதில்: கொழுந்தனாரின் பேச்சும் ஊர்க் கமிட்டியின் பாராமுகமும் வழக்குக்கு உதவாதவை. சொந்தப் படகில் போனவருக்கு முதலாளி இல்லை என்பதால் பணியாளர் இழப்பீடு பற்றிய சட்டமும் உதவாது. காப்பீட்டுத் தொகைக்கு நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: காப்பீடு நடப்பில் இருந்த காலத்துக்குள் அவர் விபத்தில் இறந்தார் என்பது.

ஏழாண்டுக் காத்திருப்பு இதற்கு விடையாகாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 111ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழாண்டு தகவலே இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறதே தவிர, அவர் எந்த நாளில், எதனால் இறந்தார் என்று சொல்வதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் எதிர் அனுராதா வழக்கில் (2004), காணாமல் போன நாளையே இறந்த நாளாகக் கொள்ள முடியாது, தேதியைக் கோருபவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்தக் காப்பீட்டின் ஐந்து லட்சம் ரூபாய், இறப்பைப் பொறுத்தவரை விபத்து மரணத்துக்கு மட்டுமே உரியது. வெறும் அனுமானத்தை நம்பிக் காத்திருந்தால் தேதியும் கிடைக்காது, விபத்தும் நிரூபணமாகாது. கடைசியாகப் பார்த்த சக மீனவர்களும் எங்கெங்கோ போயிருப்பார்கள். ஒக்கிப் புயலுக்குப் பிறகு அரசு காத்திருப்பைத் தளர்த்தியதே என்று சிலர் சொல்வார்கள். அது அந்தப் பேரிடருக்கான தனி முடிவு.

ஆகவே, இன்ன நாளில் கடல் விபத்தில் இறந்தார் என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கோரி உரிமையியல் வழக்கை இப்போதே தொடுங்கள். சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு ஏழாண்டு நிறையும் முன்பே மரணத்தை நிரூபிக்கச் சட்டத்தில் தடையில்லை. படகு கிடைத்தபோது வலை பாதி இழுத்த நிலையில் இருந்ததா, இயந்திரம் நீரில் இறங்கியபடியே இருந்ததா என்பதைக் கண்டவர்களே சாட்சி சொல்ல வேண்டும். தேடுதல் பதிவுகளும் வேண்டும்.

இனி, என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் விழுந்த பள்ளங்களைச் சொல்கிறேன். வட்டாட்சியரை மட்டும் பிரதிவாதியாக்கித் தீர்ப்பு வாங்குபவர்கள் பலர். விளம்புகைத் தீர்ப்பு வழக்கின் தரப்பினரையே கட்டுப்படுத்தும் என்பதால், 'நாங்கள் அந்த வழக்கில் இல்லை' என்று காப்பீட்டு நிறுவனம் கைகழுவிவிடும். அந்த நிறுவனத்தையும் மீன்வளத் துறையையும் கட்டாயம் சேருங்கள். கோரிக்கையை மறுத்துக் கடிதம் வந்திருந்தால், நுகர்வோர் ஆணையத்தில் புகார் தருவதற்கான இரண்டாண்டு வரம்பு ஓடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'அவர் திரும்பும்வரை படகு தம்பியிடம் இருக்கட்டும்' என்று ஊர்க் கமிட்டி எழுதும் தாள். அதில் நீங்கள் இடும் கையெழுத்தை, கணவர் உயிரோடு இருப்பதாக நீங்களே நம்பியதற்குச் சான்றாக எதிர்த்தரப்பு நீட்டும்.

படகுக்காகத் தனியே வழக்குப் போடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால் மாமியாரும் முதல் வகுப்பு வாரிசு. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போலவே அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கொழுந்தனாருக்குப் பங்கில்லை, ஆனால் 'அண்ணன் உயிரோடு இருக்கிறான்' என்று அவரோ மாமியாரோ எதிர்வழக்காடினால் உங்கள் மூல வழக்கே ஆட்டம் காணும். படகை விட்டுக்கொடுத்தாவது, மகன் அன்று கடலில் இறந்தார் என்று மாமியார் சாட்சி சொல்ல ஒப்பும்படி சமரசம் செய்துகொள்ளுங்கள்.