வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த ரோபோட்டிக்ஸ், கோடிங் பாடத்திட்டம் பொருத்தமானது?

9 வயது மகளை வெள்ளவத்தையில் வீட்டிலேயே படிப்பிக்கும் நீங்கள், எந்த ரோபோப் பெட்டியை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். பாடமும் பாகங்களும் ஒன்றாக வந்த பொதியொன்றில் மோட்டார் பழுதானதும், மாற்றுப் பாகம் கிடைக்காமல் என் மகனின் மீதிப் பாடங்கள் அனைத்தும் நின்றுபோயின. பெரிய பெயரும் இதற்கு உத்தரவாதமாகாது. லெகோவின் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் என்ற ரோபோப் பெட்டி வரிசையே 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டது.

முதல் சில மாதங்களுக்கு, கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் மென்பொருள் போதும். அது இலவசமானது, கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். அதன் பின் மைக்ரோபிட் என்ற, நிரலால் இயக்கும் சிறிய மின்னணுப் பலகைக்கு மாறலாம். அதற்கு நிரல் எழுதும் மேக்கோட் இணையதளத்தில் அந்தப் பலகையின் மாதிரி திரையிலேயே இயங்குவதால், பணம் செலவழிப்பதற்கு முன்னரே பிள்ளைக்கு அதில் நாட்டம் உண்டா என்பதை நீங்கள் கண்டுகொள்ளலாம்.

பாடத்திட்டத்தில் நான் முதலில் தேடுவது, பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்க இடமிருக்கிறதா என்பதைத்தான். எங்கள் பல்கனிக் கறிவேப்பிலைச் சாடியில் இரண்டு ஆணிகளைக் குத்தி, ஒன்றை மைக்ரோபிட்டின் 3 வோல்ட் மின் முனையிலும் மற்றதை பி0 என்ற வாசிப்பு முனையிலும் இணைத்து, மண்ணின் ஈரத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக மகன் வாசித்தான். சில நாள்களில், தண்ணீர் ஊற்றிய பிறகும் எண் குறைந்துகொண்டே வந்தது. நிரலைப் பலமுறை திருத்திப் பார்த்த பின்னரே ஆணியைப் பிடுங்கினான். அது துருவேறிக் கிடந்தது. ஈர மண்ணினூடே ஓயாமல் மின்னோட்டம் பாய்ந்ததால் மின்பகுப்பு நிகழ்ந்து ஆணியை அரித்திருந்தது. புதிய ஆணியை 3 வோல்ட் முனைக்குப் பதிலாக, நிரலால் மின்சாரத்தைக் கொடுக்கவும் நிறுத்தவும் கூடிய பி1 முனையில் இணைத்து, வாசிக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்துமாறு நிரலை மாற்றினான். இரசாயனமும் நிரலாக்கமும் ஒரே சாடியில் சந்தித்த அந்த வாரத்தை எந்தப் பொதியும் எங்களுக்குத் தந்ததில்லை.

12 வயதளவில், எழுத்தில் நிரல் எழுதும் பைதன் மொழிக்கு மாறுவது நல்லது. எங்கள் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் அந்த மொழியே கற்பிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜ் பரீட்சையின் கணினி விஞ்ஞானப் பாடத்துக்கும் அது உதவும்.

எந்த நிறுவனத்தின் திட்டமானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதிரிப் பாடத்தைக் கேட்டு வாங்கி, நீங்கள் அருகில் இல்லாமல் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அதில் வரும் மோட்டாரும் உணரியும் (சென்சர்) புறக்கோட்டைக் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.